வீட்டு நாயும் பூனையும்: அன்றாடப் பராமரிப்பு

மனிதன் பழக்கிய பிராணிகள் யாவற்றினும் நாயே தொன்மையானது. ஆடும் மாடும் மனிதனுடைய தொழுவத்திற்கு வருவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் முன்னரே அது அவனுடைய அடுப்பங்கரைக்கு வந்துவிட்டது. காஷ்மீரத்தில் பூர்ஜஹோம் என்னுமிடத்தில் அகழ்ந்தெடுக்கப்பட்ட புதிய கற்காலப் புதைகுழிகளில் மனித எலும்புகளோடு நாயின் எலும்புகளும் கிடைத்துள்ளன. பூனையோ பிற்காலத்தது. மனிதன் தானியம் விளைத்துச் சேமிக்கத் தொடங்கியதும் எலி வந்தது. எலியைத் தொடர்ந்து பூனையும் வந்தது. இவ்வளவு நெடிய உறவு இருந்தும், இப்பிராணிகளின் உடல் எவ்வாறு இயங்குகிறது என்பதை வளர்ப்போரில் பலர் இன்னும் அறிந்திலர். கிராமத்தில் பணியாற்றும் ஊழியரிடமும் பள்ளி ஆசிரியரிடமுமே மக்கள் இது குறித்து முதலிற் கேட்கின்றனர். ஆதலின் அவர்கள் தெரிந்திருக்க வேண்டிய சில செய்திகள் இங்குத் தரப்படுகின்றன.

முதலாவது, உணவு. நம் நாட்டில் வீட்டார் உண்பதையே நாயும் உண்கிறது. இதில் பெரிய தவறில்லை. நாய் சோற்றையும் ரொட்டியையும் கேழ்வரகுக் களியையும் நன்கு செரிக்கவல்லது. ஆனால் வெறுஞ்சோறும் மோரும் மட்டுமே உண்ணும் நாய் வயிறு நிரம்பியும் மெலிந்தே காணப்படும். முட்டை, மீன், இறைச்சி இவற்றுள் ஏதேனும் ஒன்று அதன் உணவில் ஒழுங்காகச் சேரவேண்டும். பூனையின் நிலை வேறு. அது முழுமையான ஊனுண்ணி. டாரின் என்னும் பொருளைப் போதிய அளவில் அதன் உடலால் ஆக்கிக்கொள்ள இயலாது. காய்கறிகளிலுள்ள கரோட்டினை வைட்டமின் ஏ ஆக மாற்றவும் இயலாது. டாரின் குறைந்தால் கண்ணின் விழித்திரை கெடும். இதயத் தசையும் தளரும். ஊன் சமைக்காத இல்லத்தில் பூனை வளர்ப்பவர் இதனை முன்னரே எண்ணிப் பார்த்தல் நலம். பாலும் சோறும் கொடுத்துப் பூனையைக் காப்பாற்றிவிடலாம் என்பது வெறும் நம்பிக்கையே. உண்மையில் எலி பிடித்துத் தின்பதனாலேயே அத்தகைய பூனைகள் பல பிழைத்திருக்கின்றன!

நமக்கு உணவாவது அவற்றுக்கு நஞ்சாவதும் உண்டு. வெங்காயமும் பூண்டும், பச்சையாயினும் வெந்ததாயினும், நாய் பூனைகளின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வெங்காயம் மிகுந்த குழம்பின் மிச்சத்தை இடலாகாது. சாக்லேட்டும், திராட்சையும், உலர்ந்த திராட்சையும் நாய்க்கு ஆகா. சமைத்த எலும்பு கூரிய சில்லுகளாக உடைந்து குடலைக் குத்தும். எல்லாவற்றினும் முக்கியமாக, காய்ச்சல் என்று கருதிப் பாராசிட்டமால் மாத்திரையைப் பூனைக்குக் கொடுப்பது அதைக் கொல்வதற்கு ஒப்பாகும். ஒரே மாத்திரை போதும். உடம்பு தொடுவதற்குச் சூடாக இருப்பதைக் கண்டு மயங்கவேண்டா. நாயின் இயல்பான உடல் வெப்பமே ஏறத்தாழ 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை இருக்கும்.

கோடைக் காலத்தில் நாய் படும் துன்பத்தை நாம் போதிய அளவு உணர்வதில்லை. அதற்கு வியர்வைச் சுரப்பிகள் பெரும்பாலும் உள்ளங்காலில் மட்டுமே உள்ளன. நாக்கை நீட்டி மூச்சிரைப்பதனால்தான் அது தன் உடலைக் குளிர்வித்துக்கொள்கிறது. நிழலும் நீருமின்றி வெயிலில் சங்கிலியாற் பிணைக்கப்பட்ட நாயும், நிறுத்திய மோட்டார் வண்டிக்குள் விடப்பட்ட நாயும் சிறிது நேரத்திலேயே மயங்கி விழக்கூடும். அத்தகைய நாயை நிழலுக்குக் கொண்டுசென்று, உடல் முழுதும் சாதாரண நீரை ஊற்றி, விசிறியபடியே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். பனிநாட்டுக்கு உரிய அடர்ந்த மயிருடைய ஹஸ்கி போன்ற நாய்களைச் சமவெளி நகரங்களில் வளர்க்கும் நாகரிகம் இப்பொழுது பரவிவருகிறது. அது நாய்க்குச் செய்யும் கொடுமை என்றே கூறவேண்டும். ராஜபாளையம், முதோல், ராம்பூர் முதலிய நம் நாட்டு இனங்கள் இவ்வெயிலிலேயே உருவானவை. இம்மூன்றையும் இமாலய ஆட்டுக் காவல் நாயையும் சிறப்பிக்க 2005-ஆம் ஆண்டில் அஞ்சல் துறை தபால்தலைகளையும் வெளியிட்டது. தெருவிற் பிறந்த நாட்டு நாய்க்குட்டியோ, இவற்றுள் எதற்கும் குறைந்ததன்று.

குடற்புழுக்களைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறவேண்டும். நாயிடம் காணும் உருண்டைப்புழுவின் இளம்புழுக்கள் தாயின் தசைகளில் உறங்கிக் கிடந்து, அது சினையுற்றதும் விழித்தெழுந்து கருவிலுள்ள குட்டிகளை அடைகின்றன. ஆகவே குட்டி பிறக்கும்பொழுதே புழுவோடு பிறக்கிறது; தாய்ப்பால் வழியாகவும் புழுவைப் பெறுகிறது. இரண்டு வார வயதிலேயே புழுநீக்க மருந்து கொடுக்கத் தொடங்கி, பால்குடி மறக்கும்வரை இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை தொடரவேண்டும் என்று மருத்துவர் கூறுவதன் காரணம் இதுவே. நாயின் மலத்தில் வெளிப்படும் முட்டை உடனே நோய் தருவதில்லை. மண்ணிற் சில வாரங்கள் கிடந்து முதிர்ந்த பின்னரே தரும். அதன்பின் மாதக்கணக்கில் அழியாமலும் இருக்கும். அம்மண்ணில் விளையாடும் குழந்தை கையை வாயில் வைத்தால் முட்டை உள்ளே செல்கிறது. இளம்புழு ஈரலுக்கோ சில வேளை கண்ணுக்கோ போய்ச் சேர்ந்து பார்வையைக் கெடுப்பதும் உண்டு. மலத்தை அன்றன்றே அகற்றினால் முட்டை முதிர்வதற்கே இடமில்லாது போகும். பூனையின் மலத்திற்கும் இதே விதி பொருந்தும்: டாக்ஸோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி அதில் முதிர ஒன்று முதல் ஐந்து நாட்கள் ஆகும். கர்ப்பிணிப் பெண்கள் பூனையை விரட்டவேண்டுவதில்லை. அதன் மணற்பெட்டியை வேறொருவர் நாள்தோறும் சுத்தம் செய்தாற் போதும்.

உண்ணிக்கு மருந்து நாயின் உடலில் மட்டும் இட்டுப் பயனில்லை. பழுப்பு நாயுண்ணி சுவரின் வெடிப்பிலும் கூரையின் இடுக்கிலும் முட்டையிடும். அவ்விடங்களை அடைத்துப் பூசவேண்டும். வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்தை நாயின் மேல் தெளிக்கும் வழக்கம் மிகவும் அபாயமானது. நாய்க்கென்று விற்கும் பெர்மெத்ரின் கலந்த மருந்தும் பூனையைக் கொல்லும்.

இனி வெறிநோய். உலகில் இந்நோயால் மாள்வோருள் மூன்றில் ஒரு பங்கினருக்கு மேல் இந்தியர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அவர்களுள் சிறுவர் சிறுமியர் பலர். நோய்க்குறிகள் தோன்றியபின் இதற்குச் சிகிச்சை இல்லை என்றே சொல்லலாம். தோன்றுமுன் தடுப்பதோ மிக எளிது. இவ்விரண்டிற்கும் இடையே பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாத அவகாசம் கிடைக்கிறது. அந்த அவகாசத்தை அச்சத்தாலும் அறியாமையாலும் இழக்கிறோம்.

வெயில் மிகுந்தால் நாய்க்கு வெறி பிடிக்கும் என்பது தவறு. வெறிநோய்க் கிருமி கொண்ட பிராணியின் எச்சில் காயத்திற் பட்டால்தான் நோய் வரும். பூனை கடித்தாலும், சின்னஞ்சிறு நாய்க்குட்டி கடித்தாலும் இந்நோய் வரக்கூடும். நோயுற்ற நாய் எப்பொழுதும் வெறிகொண்டு ஓடுவதுமில்லை. சில நாய்கள் இருண்ட மூலையில் ஒடுங்கிக் கிடக்கும். தாடை தொங்கும், எச்சில் வழியும், விழுங்க இயலாது. தொண்டையில் எலும்பு சிக்கிக்கொண்டது என்று எண்ணி வீட்டுக்காரர் வாய்க்குள் கையை விடுகிறார். இதைவிட அபாயகரமான செயல் வேறில்லை.

கடியுண்டவுடன் செய்யவேண்டியது, காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவுதல். இக்கிருமியின் மேலுறை கொழுப்பால் ஆனது. சோப்பு அதனைக் கரைத்துக் கிருமியை அழிக்கிறது. மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள் ஆகியவை காயத்தைப் புண்ணாக்குவதன்றி வேறொன்றும் செய்யா. பின்னர் அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். தோல் கிழிந்து இரத்தம் வந்திருந்தால் தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றி எதிர்ப்புப் புரத மருந்தும் செலுத்துவர். கடித்த நாயைப் பத்து நாட்கள் கவனிப்பதும் தேவையே. ஆனால் அதன் முடிவு தெரியட்டும் என்று ஊசியை ஒத்திப்போடலாகாது. நாய் நலமாயிருந்தால் எஞ்சிய ஊசிகளைப் பற்றி மருத்துவர் முடிவு செய்வார்.

ஊசி என்றவுடன் மக்கள் அஞ்சுவதற்கு ஒரு வரலாறு உண்டு. 1900-ஆம் ஆண்டில் கசௌலி மலையில் பாஸ்டர் நிலையம் நிறுவப்பட்டது. அங்கு டேவிட் செம்பிள் என்பவர் 1911-இல் உருவாக்கிய தடுப்பு மருந்து, ஆட்டின் மூளைத் திசுவிலிருந்து செய்யப்பட்டது. அதனை நாள்தோறும் வயிற்றில் குத்தினர். சிலருக்கு அதனால் நரம்புக் கோளாறும் நேர்ந்தது. எனினும் பல தலைமுறைகளில் எண்ணற்ற உயிர்களை அது காத்தது. 2004-ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியாவில் அம்மருந்து நிறுத்தப்பட்டுவிட்டது. இன்று உயிரணு வளர்ப்பு முறையில் செய்த தூய மருந்து, நான்கைந்து தடவைகளில் கையில் போடப்படுகிறது. வயிற்றில் ஊசி என்னும் பேச்சு மட்டும் கிராமங்களில் இன்னும் மறையவில்லை. கிழக்கு மாநிலங்களின் சில பகுதிகளிலோ, நாய் கடித்தவர் வயிற்றில் குட்டி வளரும் என்று நம்பி மந்திரவாதியை நாடுவோரும் உளர்.

ஆசிரியர்கள் இங்குச் செய்யக்கூடியது பெரிது. நாயைச் சீண்டியதற்காக அடி விழும் என்று அஞ்சிக் குழந்தைகள் கடியை மறைக்கின்றனர். சிறு கீறலாயினும் சொல்லவேண்டும், சொன்னால் தண்டனை இல்லை என்பதை வகுப்பில் திரும்பத் திரும்பக் கூறவேண்டும். உண்ணும் நாயையும், உறங்கும் நாயையும், குட்டியோடிருக்கும் நாயையும் நெருங்கலாகாது என்பதையும் உடன் கற்பிக்கலாம்.

நாய்களைக் கொன்று இந்நோயை ஒழிக்க முயன்ற ஊர்கள் வெற்றி பெற்றதில்லை. ஒரு வட்டாரத்திலுள்ள நாய்களுள் நூற்றுக்கு எழுபதிற்கு விடாமல் ஊசி போட்டுவந்தால் நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும். நாய்வழி வெறிநோயை 2030-க்குள் ஒழிப்பதற்கென 2021-இல் வகுக்கப்பட்ட தேசியச் செயல்திட்டம் இவ்வடிப்படையில் அமைந்ததே. வீட்டு நாய்க்கும் பூனைக்கும் மூன்று மாத வயதில் முதல் ஊசியும், மருத்துவர் குறிக்கும் நாளில் மறு ஊசியும், பின்னர் ஆண்டுதோறும் ஒன்றும் போடவேண்டும். செப்டம்பர் 28, உலக வெறிநோய் நாளை ஒட்டிப் பல இடங்களில் இலவச முகாம்கள் நடைபெறுகின்றன. முகாமுக்கு நாயைச் சிறுவரிடம் கொடுத்தனுப்பாமல், அது பழகிய பெரியவர் ஒருவரே கயிற்றிற் பிடித்து வரவேண்டும். ஒரு நாய்க்கும் மற்றொன்றிற்கும் இடையே போதிய தொலைவு இருக்கட்டும். பூனையைக் கையில் ஏந்தி வந்தால் கூட்டத்தைக் கண்டு பிறாண்டிவிட்டு ஓடிவிடும். மூடியுள்ள கூடையில் கொண்டுவருதல் நலம். ஊசி போட்ட சீட்டைக் குடும்ப அட்டையோடு சேர்த்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்; அடுத்த ஆண்டுக்கான தேதி அதில் எழுதப்பட்டுள்ளதா என்பதையும் அங்கேயே பார்த்துவிடுங்கள்.