இருப்பில் உள்ள தானியமும் நாள்தோறும் புதிய உணவும்

பணியின் பொருட்டுத் தமிழ்நாட்டிலிருந்து பிற மாநிலங்களில் குடியேறிய குடும்பங்களின் அடுக்களையில் இருவகைப் பொருள்களைக் காணலாம். ஊரிலிருந்து கொணர்ந்த புழுங்கலரிசியும் உளுந்தும் ஒருபுறம் இருக்கும். வாழும் ஊரில் வாங்கிய கோதுமை மாவும் ராஜ்மாவும் மறுபுறம் இருக்கும். மாதத் தொடக்கத்தில் நிறைந்திருக்கும் இக்கலங்கள் மாத இறுதிவரை வீட்டாரின் பசியைத் தீர்க்க வேண்டும். காய்கறி விலை ஏறினாலும் ஊதியம் வரக் காலம் தாழ்ந்தாலும் உலை கொதிக்க வேண்டும். ஆனால், நாள்தோறும் ஒரே உணவு எனில் உண்போர்க்குச் சலிப்புத் தோன்றும். இருப்பதைக் கொண்டு பலவகை உணவைத் திட்டமிடும் முறையை இப்பாடத்தில் அறிவோம்.

எவ்வளவு தேவை?

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ஆம் ஆண்டில் உணவு வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. அதன்படி, 2000 கிலோகலோரி ஆற்றல் தரும் ஒரு நாள் உணவில் தானியம் 250 கிராமும் பருப்பு, பயறு வகைகள் 85 கிராமும் இடம்பெறலாம். நால்வர் கொண்ட குடும்பத்திற்கு நாளொன்றுக்குத் தானியம் 1 கிலோவும் பருப்பு 340 கிராமும் ஆகும். 30 நாள்களுக்குத் தானியம் 30 கிலோவும் பருப்பு ஏறத்தாழ 10 கிலோவும் வேண்டும். சிறுவர், முதியோர், கடின உழைப்பாளர் ஆகியோரின் தேவை வேறுபடும். எனினும் கணக்கிடும் முறை ஒன்றே.

தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. இதன்படி முன்னுரிமைக் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர்க்கு மாதம் 5 கிலோ உணவு தானியம் கிடைக்கும். 'ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை' திட்டத்தால், இச்சட்டத்தின் பயனாளிகள் தாம் பணிபுரியும் ஊரின் நியாயவிலைக் கடையிலேயே அதனைப் பெறலாம். நால்வர்க்குக் கிடைப்பது 20 கிலோ. எஞ்சிய தானியத்தையும் பருப்பையும் குடும்பத்தினர் தம் வருவாயிலிருந்து வாங்க வேண்டும். எனவே, ஒரு பிடிப் பருப்பும் வீணாகாமல் திட்டமிடுவது இன்றியமையாததாகிறது.

தானியமும் பருப்பும் இணைவது ஏன்?

நம் உடலின் வளர்ச்சிக்குப் புரதம் தேவை. புரதத்தின் கூறுகளுள் ஒன்றாகிய லைசின் அரிசியிலும் கோதுமையிலும் குறைவு. பருப்பு வகைகளில் மிகுதி. மெத்தியோனின் என்னும் கூறு பருப்பில் குறைவு. தானியத்தில் அதனினும் மிகுதி. இரண்டையும் சேர்த்து உண்ணும்போது ஒன்றின் குறையை மற்றொன்று நிறைவு செய்கிறது. நம் வெண்பொங்கலும் வடநாட்டுக் கிச்சடியும் அரிசியையும் பாசிப்பருப்பையும் இணைத்தே சமைக்கப்படுகின்றன. தானியமும் பருப்பும் சேர்த்து அரைக்கும் நம் அடைக்கு, வறுத்த தானியமும் பருப்பும் கலந்த மாவில் தட்டும் மராட்டியத் தாலிபீட் நெருங்கிய உறவு எனலாம். பீகாரின் சத்து, வறுத்த கொண்டைக்கடலையின் மாவாகும். அண்டை வீட்டாரின் இத்தகைய சமையல் முறைகளைக் கற்றால் நம் இருப்பிலுள்ள பொருள்களுக்குப் புதிய பயன்கள் கிடைக்கும்.

மூன்று வினாக்கள்

உணவைத் திட்டமிடுவோர் மூன்று வினாக்களை எழுப்பிக்கொள்ள வேண்டும். எந்தத் தானியம்? எந்தப் பருப்பு? எந்த முறையில் சமைப்பது? பச்சைப்பயறு ஒன்றையே எடுத்துக்கொள்வோம். அதனை வேகவைத்துத் தாளித்தால் சுண்டல். ஊறவைத்து அரைத்தால் தோசை. முளைகட்டினால் காய்கறி குறைந்த நாளுக்கு ஏற்ற உணவு. முளைகட்டும்போது அதில் வைட்டமின் சி பெருகுகிறது. பொருள் ஒன்றே ஆயினும் முறை மாறுவதால் சுவையும் மாறுகிறது.

ஒரு வாரத்திற்கான முதன்மை உணவுத் திட்டம் வருமாறு:

திங்கள் – சோறு, துவரம்பருப்புச் சாம்பார்
செவ்வாய் – சப்பாத்தி, கொண்டைக்கடலைக் குழம்பு
புதன் – அடை (புழுங்கலரிசி, துவரம்பருப்பு, கடலைப்பருப்பு, உளுத்தம்பருப்பு)
வியாழன் – சோறு, ராஜ்மா
வெள்ளி – கோதுமை ரவை உப்புமா, தட்டைப்பயறுச் சுண்டல்
சனி – கம்பு ரொட்டி, மசூர்ப்பருப்புக் கூட்டு
ஞாயிறு – வெண்பொங்கல்

மறுநாளைக்குரிய பயற்றை முந்தைய இரவே ஊறவைத்தல் வேண்டும். ராஜ்மாவை எட்டு மணி நேரம் ஊறவைத்து, அந்நீரை வடித்துவிட்டுப் புதுநீரில் நன்கு கொதிக்கவைத்து மென்மையாக வேகவிட வேண்டும். அரைவேக்காட்டு ராஜ்மாவில் எஞ்சியிருக்கும் இயற்கை நச்சு வாந்தியை உண்டாக்கும். வடநாட்டுக் குளிர்காலத்தில் இட்லி மாவு எளிதில் பொங்காது. அக்காலத்தில் புளிக்கவைக்கத் தேவையற்ற அடையும் பயற்றுத் தோசையும் கைகொடுக்கும்.

காக்கும் முறை

நம் முன்னோர் நெல்லை மண்ணால் ஆன குதிரிலும் மரத்தால் ஆன பத்தாயத்திலும் சேமித்தனர். இன்று நம்மிடம் இருப்பவை மூடியிட்ட டப்பாக்களே. எனினும் பகைவர் மாறவில்லை. அவை ஈரமும் வண்டும் ஆகும். பயற்றை வெயிலில் உலர்த்தி, ஆறியபின் ஈரமற்ற கலத்தில் இட்டு இறுக மூட வேண்டும். உலர்ந்த வேப்பிலையை உடன் இடுவதும் உண்டு. முழுத் தானியம் நெடுநாள் இருக்கும். மாவு விரைவில் கெடும். குறிப்பாக, கம்பு மாவு சில நாள்களிலேயே கசக்கத் தொடங்கும். ஆதலால் அதனை வேண்டிய அளவே அரைக்க வேண்டும். வாங்கிய நாளைக் கலத்தின்மீது எழுதிவைத்து, முன்னர் வாங்கியதை முதலில் செலவிட வேண்டும்.

சேமிப்பும் பதுக்கலும்

2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 25ஆம் நாள் நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. அந்நாள்களில் பல ஊர்களில் மக்கள் தேவைக்கு மேல் வாங்கிக் குவித்தனர். நாட்கூலி பெற்று அன்றன்று அரிசி வாங்குவோர்க்கு அவ்வாறு வாங்கப் பணமில்லை. நம் வீட்டில் வண்டு அரிக்கும் மூட்டை, பிறர் வீட்டில் உலையேறியிருக்க வேண்டிய அரிசி என்பதை நாம் மறத்தல் கூடாது. ஒரு மாதத் தேவையைக் கணக்கிட்டு வாங்கி, அதனை முழுவதும் உண்டு முடிப்பதே நல்ல சேமிப்பு.

சொற்பொருள்

அடுக்களை – சமையலறை
உலை – சோறு ஆக்கக் கொதிக்கவைக்கும் நீர்
குதிர் – தானியம் சேமிக்கும் மண்கலம்
பத்தாயம் – நெல் சேமிக்கும் மரப்பெட்டி

பயிற்சி

1. ஐவர் கொண்ட குடும்பத்திற்கு ஒரு மாதம் தேவைப்படும் தானிய அளவைக் கணக்கிடுக.
2. தானியத்தையும் பருப்பையும் சேர்த்து உண்ண வேண்டியதன் காரணத்தை விளக்குக.
3. சேமிப்பு, பதுக்கல் – வேறுபாடு தருக.
4. உம் வீட்டில் இப்போதுள்ள தானியங்களையும் பயறுகளையும் பட்டியலிட்டு, பெற்றோருடன் கலந்து பேசி ஒரு வார உணவுத் திட்டம் எழுதுக. அதில் அண்டை வீட்டார் சமைக்கும் உணவு ஒன்றேனும் இடம்பெறுக.