வானொலி விளம்பரம் நம் ஊருக்கு வந்து சேரும் வழி

தீபாவளி, பொங்கல் சமயங்களில் வானொலிக்கு விளம்பரம் கொடுக்கும் வணிகர்கள் நம்மில் பலர் உண்டு. 1967 நவம்பர் 1-ல் விவித் பாரதியில் வர்த்தக ஒலிபரப்பு தொடங்கிய காலத்திலிருந்து நாட்டின் வணிகர்களுக்குப் பழகிய வழி இது. பணம் கட்டியாகிவிட்டது, விளம்பரம் நம் ஊர் வாடிக்கையாளர் காதில் விழுந்ததா? இதை அறிய, மறு ஒலிபரப்பு நிலையம் இயங்கும் விதம் தெரிந்திருப்பது நல்லது.

கிளைக் கடை போன்றது

பண்பலை ஒலிபரப்பு மலை மறைவிலும் வெகு தொலைவிலும் சரியாக எட்டாது. அத்தகைய ஊர்களில் சிறிய டிரான்ஸ்மிட்டரை வைத்து மறு ஒலிபரப்பு செய்கிறார்கள். அதற்குச் சொந்தச் சரக்கு கிடையாது. தலைமை நிலையம் அனுப்புவதை வாங்கித் தருவது அதனுள் இருக்கும் ரிசீவர். சில இடங்களில் அது செயற்கைக்கோள் வழியாக வாங்கும். சில இடங்களில் தலைமை நிலையத்தின் அலையையே ஆன்டெனா வைத்துப் பிடிக்கும். இரண்டாவது வகையைப் பார்ப்போம்.

ரிசீவர் செய்யும் வேலை

ஆன்டெனாவில் பல நிலையங்களின் அலைகள் கலந்து வரும். 100.5 மெகாஹெர்ட்ஸ் வேண்டுமென்றால், ரிசீவர் தானே 111.2 மெகாஹெர்ட்ஸ் அலை ஒன்றை உண்டாக்கி அதனுடன் கலக்கிறது. இரண்டின் வித்தியாசம் 10.7 மெகாஹெர்ட்ஸ். இதை மட்டும் விடும் ஃபில்டர் மற்ற நிலையங்களைத் தள்ளிவிடும். பிறகு பேச்சும் பாட்டும் பிரித்தெடுக்கப்பட்டு டிரான்ஸ்மிட்டருக்குப் போகும்.

டிரான்ஸ்மிட்டர் அதை வேறொரு அலைவரிசையில்தான் வெளியிடும். வாங்கிய அலைவரிசையிலேயே வெளியிட்டால், தன் குரலே தன் காதில் விழும். கல்யாண மண்டபத்து மைக் ஊளையிடுவது போலாகிவிடும்.

ரிசீவரில் இரைச்சலோடு வந்ததை டிரான்ஸ்மிட்டரால் சுத்தம் செய்ய முடியாது. எத்தனை வாட் சக்தி கூட்டினாலும் ஊர் முழுக்க இரைச்சல்தான் கேட்கும். ஆகவே, வரும் அலை பலவீனமானால் ஒலியை நிறுத்தும் ஏற்பாடும் ரிசீவரில் உண்டு.

வணிகர்கள் கவனிக்க வேண்டியவை

1. ஒப்பந்தம் போடுமுன், நம் ஊருக்கு ஒலிபரப்பு நேரடியாக வருகிறதா, மறு ஒலிபரப்பாகவா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

2. விளம்பர நேரத்தில் கடையில் சாதாரண ரேடியோ ஒன்றைப் போட்டுக் கேளுங்கள். வராவிட்டால் தேதி, நேரம் குறித்து வையுங்கள்.

3. நிகழ்ச்சி நின்றுபோய் ரேடியோவில் ‘உஸ்’ என்ற இரைச்சல் மட்டும் கேட்டால், டிரான்ஸ்மிட்டரிலிருந்து அலையே வரவில்லை எனலாம். இரைச்சலும் இல்லாமல் நிசப்தமாக இருந்தால், பெரும்பாலும் டிரான்ஸ்மிட்டர் ஓடுகிறது, நிகழ்ச்சிதான் அதற்கு வந்து சேரவில்லை. நிலையங்களுக்கு இடையில் தானாகவே ஒலியை அடக்கும் ரேடியோக்களில் இந்தச் சோதனை பலிக்காது.

இந்த விவரங்களோடு நிலையத்தாருக்கு எழுதினால், விடுபட்ட விளம்பரத்தை மறுபடி ஒலிபரப்பும்படி ஆதாரத்தோடு கேட்கலாம். கொள்முதல் சரக்கை எடைபோட்டு வாங்கும் நாம், விளம்பரத்தையும் அப்படியே சரிபார்த்து வாங்குவோம்.