பனி காண வரும் விருந்தினர்

மார்கழி கழிந்து தை பிறக்கும் நாட்களில், பொழுது புலருமுன்பே நம் சித்திரபுரத்துச் சாலையில் வண்டிகளின் விளக்கொளி வரிசையாக மேலேறக் காண்கின்றோம். மூணாற்றையும் கடந்து லெட்சுமி, செண்டுவாரை முதலிய தோட்டப் பகுதிகளில், புல்வெளிமீது வெண்துகில் விரித்தாற்போலப் படிந்திருக்கும் உறைபனியைக் கண்ணாரக் காணவே அத்தனை பேரும் விரைகின்றனர். கதிரவன் சற்று மேலெழுந்தால் அக்காட்சி கரைந்துவிடும். வந்தவர்க்கு அது திருவிழா. அதே வேளையில் பிரட்டுக்களத்திற்குச் செல்லும் நம் தாய்மாருக்கோ அது கவலை.

பனியை நம்பியே ஒரு மலையூர் வாழ இயலுமோ என்று வினவும் அன்பர்களுக்குக் காசுமீரத்துக் குல்மார்க்கைக் காட்டலாம். 1927ஆம் ஆண்டிலேயே பனிச்சறுக்கு விளையாட்டுக்கென அங்கே ஒரு சங்கம் தோன்றிற்று. ஊரிலிருந்து கொங்தூரி வரை செல்லும் கம்பிவடத் தொட்டில் 1998இலும், அங்கிருந்து அபர்வத் மலையின் உயரத்திற்கு ஏறும் இரண்டாம் பகுதி 2005இலும் இயங்கத் தொடங்கின. மேல் நிலையம் 3,900 மீட்டருக்கும் உயரத்தில் உள்ளது. காலில் நீண்ட சறுக்குப் பலகைகளைப் பூட்டிக்கொண்டு அங்கிருந்து சரிந்திறங்க உலகின் பல பகுதிகளினின்றும் மக்கள் வருகின்றனர். குதிரைக்காரரும், சறுக்குவண்டி இழுப்போரும், வழிகாட்டிகளும் அப்பனியை நம்பியே பிழைக்கின்றனர். 2024 சனவரியில் பனி பொழியாது சரிவுகள் பழுப்பேறிக் கிடந்தபோது, அவர்தம் அடுப்புகள் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை நாம் சொல்லாமலே உணர்வோம்.

ஆனால் அங்குப் பொழியும் பனி வேறு, இங்குப் படியும் பனி வேறு. வானிலிருந்து விழுந்து குவியும் வெண்பனி நிலத்திற்குக் கம்பளிபோல அமையும். அதன் கீழே வேர்கள் கடுங்குளிருக்குத் தப்பியிருக்கும். நம் மலையிலோ, மேகமும் காற்றும் இல்லாத இரவில் நிலத்தின் வெப்பம் வானுக்குப் போய்விட, கனத்த குளிர்க்காற்று பள்ளங்களில் தேங்கி, இலைமேலேயே நீர் உறைந்துவிடுகிறது. விடிந்ததும் சுள்ளென வெயில் படும்போது கொழுந்து கருகிவிடும். 2019 சனவரியில் இங்கே வெப்பநிலை பலநாள் சுழியத்திற்குக் கீழே இறங்கியது. பச்சைச் சரிவுகள் செம்மண் பூசியவைபோல மாறின. கருகிய செடி மீண்டும் துளிர்க்க வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கொழுந்து குறைந்தால், நிர்ணயித்த நிறைக்கு மேற்பட்ட கிலோவுக்குக் கிடைக்கும் மிகைக்கூலியும் குறையும். குல்மார்க்கில் பனியே விளைச்சல். இங்கே பனி விளைச்சலைத் தின்னும்.

கம்பிவடம் என்றதும் நமக்கு வேறொன்று நினைவுக்கு வருகிறது. அவர்களுக்கு முன்னரே நம் மலையில் கம்பிவடம் ஓடியது; ஏற்றிச் சென்றது மனிதரையன்று, தேயிலைப் பெட்டிகளை! 1902இல் மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாளத்தில் மாடுகள் வண்டியிழுத்தன. 1908இல் அது சிறு இரயில் பாதையாயிற்று. டாப் ஸ்டேஷனிலிருந்து பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியவாறு கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து போடிநாயக்கனூர் சேர்ந்தன. நம் முன்னோர் பலர் மூட்டைமுடிச்சுகளோடு மலையேறி வந்ததும் அத்திசையினின்றேயாம். அவர்களுக்குத் தொட்டில் ஏது? கால்நடைதான். 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் இரயில் பாதையை அடித்துச் சென்றது. மீண்டும் எவரும் அதனை அமைக்கவில்லை.

1940இல் பள்ளிவாசல் மின்நிலையம் இயங்கியதும், பின்னர்க் குண்டளை, மாட்டுப்பட்டி அணைகள் எழுந்ததும் தொழிலின் பொருட்டே. இன்று அவ்வணைகளில் படகுச் சவாரி நடக்கிறது. 1978இல் தேசியப் பூங்காவான இரவிகுளத்தில் வரையாடு காண மக்கள் வரிசையில் நிற்கின்றனர். தேயிலைக்கென வெட்டிய பாதைகளே விருந்தினர்க்குப் பாதைகளாயின.

இவ்வளர்ச்சியை நாம் வெறுக்கவில்லை. நம் இளைஞர் பலர் ஜீப்பு ஓட்டியும் விடுதிகளில் பணிபுரிந்தும் இதனாற் பிழைக்கின்றனர். எனினும், பணி ஓய்வு பெற்றதும் லயத்தை விட்டு வெளியேற வேண்டிய குடும்பத்திற்குத் தன் பெயரில் ஓர் அறை இருந்தாலன்றோ அங்கு விருந்தினரைத் தங்கவைத்துப் பொருளீட்ட முடியும்? சரிவை வெட்டி மாடிமேல் மாடி எழுப்புவோர்க்குக் கிடைக்கும் இடம், மூன்று தலைமுறையாகக் கொழுந்து கிள்ளியவர்க்குக் கிடைக்காதது ஏன்? 2018 வெள்ளத்தில் சாலைகள் அறுந்து, குறிஞ்சி பூத்த ஆண்டிலும் ஊர் வெறிச்சோடிக் கிடந்ததை நாம் கண்டோம். வெட்டிய சரிவு எவருடையதாயினும், மழையில் முதலில் அஞ்சுவது கீழேயுள்ள லயமே.

வரும் தையில் ஊரிலிருந்து உறவினர் வந்தால், கம்பளி உடுத்தி ஆறு மணிக்கு முன்பே புறப்படச் சொல்லுங்கள். புல்வெளியோடு நின்றுகொள்ளட்டும், படம் எடுக்கத் தேயிலைச் செடிகளுக்குள் இறங்க வேண்டா. திரும்பும்போது, கருகிய பாத்தி ஏதேனும் கண்ணிற்பட்டால் அங்கும் சற்று வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள்.