வேலையை விட்டுப் படிக்க யாரால் முடிகிறது?

"சம்பளம் வேணாம், நாலு மாசம் லீவு மட்டும் குடுங்கன்னு கேட்டேன் அண்ணா. தாராளமா எடுத்துக்கோ, ஆனா திரும்பி வராதேன்னு சொல்லிட்டாங்க."

முடிச்சூர் பக்கத்துக் காலனியிலிருந்து வரும் அந்தத் தங்கைக்கு வயது 21. ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் டெக்னீசியன். வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டியவர்களின் வீடுகளுக்குக் காலை 6 மணிக்கே போய்விட வேண்டும். சம்பளம் 13,000 ரூபாய். அப்பா பெயின்ட் அடிக்கிறார், மழைக்காலத்தில் அவருக்கு வேலை இல்லை. அம்மா ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் துப்புரவு வேலை செய்கிறார். வீட்டு வாடகையும் மகளிர் குழுத் தவணையும் இந்தப் பெண்ணின் சம்பளத்தில்தான் கழிகின்றன. இரண்டு முறை நீட் எழுதிவிட்டார். இரண்டு முறையும் வேலை பார்த்துக்கொண்டே எழுதினார். இரண்டாம் முறை மதிப்பெண் நன்றாகவே ஏறியது, ஆனால் இடம் கிடைக்கும் அளவுக்கு ஏறவில்லை. மூன்றாம் முறை கொஞ்ச நாளாவது வேலைக்குப் போகாமல் படித்தால் கிடைத்துவிடும் என்று நம்புகிறார். அவருடைய கணக்கு நோட்டைப் பார்த்தபோது நமக்கும் அப்படித்தான் தோன்றியது.

வசதியுள்ள வீட்டுப் பிள்ளை பிளஸ் டூ முடித்து ஓராண்டு வீட்டில் இருந்து படித்தால் அதற்கு 'டிராப்' என்று பெயர். "பையன் டிராப் எடுத்திருக்கான்" என்று கௌரவமாகச் சொல்வார்கள். நம் தெருவில் ஒரு பெண் பிள்ளை அதையே செய்தால் "சும்மா இருக்கா" என்பார்கள். சும்மா இருக்கும் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். ஒரே ஓராண்டுதான், இரண்டு தெருவில் இரண்டு பெயர்.

இந்த 'டிராப்' இன்று மருத்துவப் படிப்பின் அறிவிக்கப்படாத முதலாம் ஆண்டாகவே ஆகிவிட்டது. நீட் தேர்வின் தாக்கத்தை ஆராய தமிழ்நாடு அரசு 2021இல் அமைத்த நீதிபதி ஏ.கே.ராஜன் குழுவின் அறிக்கை இதை எண்களில் காட்டியது. 2016-17இல் மாநிலத்தில் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களில் மறுமுறை முயன்றவர்கள் 12.47 விழுக்காடு. 2020-21இல் அது 71.42 விழுக்காடு. பத்தில் ஏழு பேர் குறைந்தது ஓராண்டைக் கூடுதலாகச் செலவழித்துத்தான் உள்ளே போயிருக்கிறார்கள். அந்த ஓராண்டு யாருக்கு இருக்கிறது என்பதுதான் கேள்வி.

பயிற்சி மையக் கட்டணம் பற்றி எல்லோரும் பேசுகிறோம். இழந்த சம்பளத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மாதம் 13,000 என்றால் ஆண்டுக்கு 1,56,000. பயிற்சி மையத்தின் படியை மிதிப்பதற்கு முன்பே அந்த வீடு கொடுக்க வேண்டிய விலை இது. வசதியுள்ள வீட்டில் இந்தச் செலவு இல்லை, ஏனென்றால் அங்கே 18 வயதுப் பிள்ளையின் சம்பளத்தை நம்பி அடுப்பு எரிவதில்லை. தேர்வுக் கட்டணத்தில் பொதுப்பிரிவுக்கு 1,700, நமக்கு 1,000 என்று 700 ரூபாய் சலுகை தருகிறார்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தடை இருக்கும் இடம் அதுவல்ல.

சட்டத்தில் விடுப்பு இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் ஓராண்டு தொடர்ந்து வேலை செய்தவருக்குச் சம்பளத்துடன் 12 நாள் விடுப்பும், அதுபோகத் தற்செயல் விடுப்பும் நோய் விடுப்பும் தலா 12 நாள் வரையும் தருகிறது. தொழிற்சாலையானால் 20 நாள் வேலைக்கு ஒரு நாள் என்பது கணக்கு. சானடோரியம் ஏற்றுமதி வளாகத்துக்குள் ஷிப்ட் வேனில் போகும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? தெரிந்தாலும் ஒப்பந்தக்காரர் மூலம் போனவர் கேட்டுப் பார்த்தால் அடுத்த வாரம் வேனில் அவருக்கு இடம் இருக்காது. அரசு ஊழியராக இருந்தால் ஊதியமில்லா விடுப்புக்கு விண்ணப்பித்துவிட்டு, வேலை பறிபோகாது என்ற நிம்மதியோடு படிக்கலாம். அந்த நிம்மதிதான் அந்தத் தங்கைக்கு வேண்டியிருந்தது, பணம்கூட அல்ல.

வேலையை விட்டுவிட்டு மேற்படிப்புக்குப் போனவர் நமக்கு முன்னாலேயே ஒருவர் இருக்கிறார். 1918இல் பம்பாய் சைடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகச் சேர்ந்த அண்ணல் அம்பேத்கர், 1920இல் அந்த வேலையை விட்டுவிட்டு, பாதியில் நின்ற படிப்பை முடிக்க லண்டன் போனார். சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணம், கோலாப்பூர் சாகு மகாராஜாவின் உதவி, நண்பர் நேவல் பத்தேனாவிடம் வாங்கிய கடன் என்று மூன்றையும் சேர்த்துத்தான் கப்பல் ஏற முடிந்தது. அவர் எவ்வளவு படித்தார் என்பதை மேடைதோறும் சொல்கிறோம். படிப்பதற்காக வேலையை விட்டபோது பக்கத்தில் யார் யார் நின்றார்கள் என்பதையும் சொன்னால் நல்லது. பேராசிரியர் சம்பளம் வாங்கியவருக்கே மூன்று பக்கத்துக் கை தேவைப்பட்டிருக்கிறது.

படிப்பதற்கு மட்டும்தான் விடுப்பு வேண்டும் என்று நினைத்தால் அது தவறு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020இல் வந்தது. அதில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே ஏற்கிறது. நம் பிள்ளைகளுக்கு இன்று இருக்கும் பெரிய வாசல் அதுதான். ஆனால் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்ததற்குச் சான்று வேண்டும். ஒரே பள்ளியில் படித்தவருக்கு ஒரு நாள் வேலை. சென்னைக்குள்ளிருந்து பெயர்த்தெடுத்து கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் குடியமர்த்தப்பட்ட குடும்பத்துப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். எட்டாம் வகுப்புவரை ஓர் இடம், பிறகு வேறிடம். ஒவ்வொரு பள்ளிக்கும் தனித்தனியாகப் போக வேண்டும். தலைமையாசிரியர் மீட்டிங்குக்குப் போயிருந்தால் மறுநாள் மறுபடியும் போக வேண்டும். இவை எல்லாம் வேலை நாளில், வேலை நேரத்தில் நடப்பவை. சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, இ-சேவை மையத்து வரிசை என்று அதற்குமேல் பட்டியல் நீளும். ஜூனில் முடிவு வந்தபின் கலந்தாய்வு சுற்றுச் சுற்றாகப் பல வாரம் ஓடும்.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். அரசு உதவிபெறும் பள்ளியில் படித்தவர்களுக்கு இந்த 7.5 விழுக்காடு கிடையாது. செங்கல்பட்டு வட்டாரத்தில் நம் முன்னோருக்கு முதலில் திறந்த பள்ளிகள் பல, மிஷன் பள்ளிகள். இன்றும் பக்கத்தில் இருக்கிறது, சம்பளம் கட்ட வேண்டியதில்லை என்று அங்கே சேர்ப்பவர்கள் நம் ஆட்கள்தான். ஆறாம் வகுப்பில் எடுத்த அந்த முடிவு பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தபின் வந்து கதவை அடைக்கிறது. பிள்ளைக்கு 11 வயது ஆகும்போதே பெற்றோருக்கு இதைச் சொல்ல வேண்டும். நம் அமைப்புகள் இதைச் சொல்வதில்லை. நாமும் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டோம்.

2022இல் நீட் எழுத மேல் வயது வரம்பை நீக்கினார்கள். வேலைக்குப் போய்விட்டுத் திரும்பி வருபவருக்கு அது நல்லதுதான். ஆனால் காலம் நிறைய உள்ளவருக்கும் அதே கதவு திறந்தது. அந்த ஆண்டுத் தொடக்கத்திலேயே தர்மபுரியைச் சேர்ந்த 61 வயது ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் உள்ஒதுக்கீட்டுக் கலந்தாய்வு வரை வந்தார். ஓர் இளம் பிள்ளையின் இடம் போய்விடக் கூடாது என்று கடைசியில் விலகிக்கொண்டார். பெரிய மனது.

அனிதாவை 2017இல் இழந்தோம். மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள், பிளஸ் டூவில் 1,200க்கு 1,176 எடுத்தவர். 2023 ஆகஸ்டில் இதே குரோம்பேட்டையில் ஒரு மாணவரும் அடுத்த நாளே அவருடைய தந்தையும் போனார்கள். நீட் விலக்கு கேட்டுச் சட்டமன்றம் 2021இலும் மறுபடி 2022இலும் நிறைவேற்றிய மசோதாவுக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தரவில்லை என்று 2025 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. அந்தப் போராட்டம் அதன் வழியில் நடக்க வேண்டும். நாமும் அதில் நிற்போம். ஆனால் வரும் மே மாதம் தேர்வு எழுதப்போகிற பிள்ளையிடம் "சட்டம் மாறும்வரை பொறு" என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

அதனால் சென்ற மாதம் காலனியில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து பேசினோம். பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. குழுத் தவணையை நான்கு மாதத்துக்கு நாங்கள் பங்கு போட்டுக் கட்டுவது, கைமாற்றாக. வாடகையை அம்மா பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். மாடியில் விளக்குள்ள ஒரு அறையை ரயில்வேயில் வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர் ஒழித்துக் கொடுத்தார். பரிசோதனை நிலையத்தில் நாமே போய்ப் பேசினோம். முதலில் முடியாது என்றார்கள். பிறகு, காலை 6 முதல் 10 வரை வீடு வீடாக ரத்தம் எடுக்கும் வேலையை மட்டும் வைத்துக்கொள்ளட்டும், பாதிச் சம்பளம் தருகிறோம் என்றார்கள். முழு விடுப்பு இல்லைதான். ஆனால் பகல் முழுவதும் அந்தப் பெண்ணுக்குக் கிடைத்தது.

அப்பா மட்டும் இன்னும் முழு மனதாக ஒப்பவில்லை. "மூணாவது தடவையும் வரலன்னா என்ன சார் பண்றது?" என்று கேட்டார். டெக்னீசியன் வேலை எங்கேயும் போய்விடாது, ஊர் முழுக்க லேப் இருக்கிறது என்று சொன்னோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, மாடி அறைச் சுவரில் சுண்ணாம்பு உதிர்கிறது, ஞாயிற்றுக்கிழமை வந்து அடித்துத் தருகிறேன் என்றார்.

திங்கட்கிழமை அந்தத் தங்கையோடு பழைய நடுநிலைப் பள்ளிக்குப் போகிறோம். ஆறு, ஏழு, எட்டு வகுப்புகளுக்கான சான்று இன்னும் வாங்கவில்லை.