பூசாத சுவருக்குத் துணி

தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பக்கம் பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஒரு வகை வீடு அடிக்கடி கண்ணில் படும். மேலே கான்கிரீட் தளம் போட்டாயிற்று, நிலை கதவு வைத்தாயிற்று, மின் இணைப்பும் வந்தாயிற்று. சுவர் மட்டும் உள்ளும் வெளியும் செங்கல்லாகவே நிற்கும். 2018 நவம்பரில் கஜா புயல் கீற்றுக் கூரைகளை அள்ளிக்கொண்டு போனதைப் பார்த்தவர்கள், எப்படியாவது தலைக்கு மேல் தளம் போட்டுவிடத் துடிப்பதில் ஆச்சரியமில்லை. கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு அரசு தருவது 3.50 லட்சம் ரூபாய். கம்பி, சிமெண்ட், கொத்தனார் கூலி என்று தளத்தோடு பணம் தீர்ந்துவிட்டால், பூச்சு வேலை அடுத்த அறுவடைக்குத் தள்ளிப்போகும். அடுத்த அறுவடையில் வேறு செலவு வரும்.

அதுவரை அந்த அறையில்தான் குடும்பம் இருந்தாக வேண்டும். சாய்ந்தால் முதுகில் செம்மண் பொடி ஒட்டும், பிள்ளைகள் கையைச் சிராய்த்துக்கொள்ளும், எத்தனை பல்பு போட்டாலும் அறை இருட்டடித்தே கிடக்கும். இதற்கு மலிவான மாற்று துணி. வீட்டிலேயே கிடக்கும் பழைய நூல் சேலையும் வேட்டியும் பாதி அறைக்குப் போதும். ஆனால் காவிரிப் பாசனப் பகுதியில் சுவருக்குத் துணி போடுவதற்கென்று ஒரு முறை இருக்கிறது. அதை விட்டுவிட்டால் ஒரே மழைக்காலத்தில் துணியும் போகும், அறையும் நாறும்.

துணியைச் சுவரில் ஒட்டக்கூடாது, தொங்கவிட வேண்டும். முறை என்று நான் சொல்வது இவ்வளவுதான்.

கஞ்சி காய்ச்சித் துணியைச் சுவரோடு ஒட்டும் வழக்கம் வெளிநாடுகளில் உண்டு. நன்றாகப் பூசி, வண்ணம் அடித்து, காய்ந்து கிடக்கும் சுவருக்கு அது சரி. நம்முடையது களிமண் பூமி. வாய்க்கால் கைக்கெட்டும் தூரத்தில் ஓடுகிறது. வயலில் தண்ணீர் நிற்கும் மாதங்களில் வீட்டைச் சுற்றியுள்ள மண்ணும் ஊறித்தான் கிடக்கும். செங்கல் அந்தத் தண்ணீரை உறிஞ்சி மேலே ஏற்றும். அஸ்திவாரத்துக்கும் சுவருக்கும் நடுவே ஈரம் தடுக்கும் கலவைப் படுகை போட்டிருந்தால் ஓரளவு தப்பிக்கலாம். செலவைச் சுருக்கும்போது முதலில் காணாமல் போவது அந்தப் படுகைதான். ஏறிய தண்ணீர் சுவர் வழியாகக் காற்றில் போய்விடும், அதில் கரைந்திருந்த உப்பு வெள்ளைப் பொடியாகப் பூத்து நிற்கும். ஓதம் என்று நாம் சொல்வது இதைத்தான். இந்தச் சுவரில் துணியை ஒட்டினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் போகிறது. கரும்புள்ளியாகப் பூஞ்சை பிடிக்கும். கஞ்சிப் பசையோ கரப்பானுக்கும் கரையானுக்கும் விருந்து.

உங்கள் சுவர் எப்படி என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை. ஓரடிக்கு ஓரடி பாலித்தீன் காகிதத்தைச் சுவரில் வைத்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் போட்டு ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். காகிதத்தின் உட்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் சுவரே ஈரமாக இருக்கிறது. வெளிப்பக்கம் மட்டும் ஈரம் என்றால் அறைக் காற்றில்தான் கோளாறு, ஜன்னலைத் திறந்து வைத்தால் பாதி சரியாகும். சுவரே ஈரம் என்றால் பங்குனி வரை பொறுங்கள். சம்பா அறுவடை முடிந்து, வயலும் வாய்க்காலும் வறண்டு, பங்குனி வெயிலில் சுவர் காய்ந்த பிறகு வேலையைத் தொடங்கலாம்.

தொங்கவிடும் வித்தை இந்த ஊருக்குப் புதிதல்ல. திருவிழாத் தேரைப் பாருங்கள். சுற்றிலும் குழாய் வடிவில் தொங்கும் வண்ணத் தொம்பைகள், வாசல்மேல் வாசமாலை, சுவாமிக்கு மேலே விதானம். துணியை வெட்டித் துணிமேல் தைக்கும் இந்த ஒட்டுவேலைக்குத் தஞ்சாவூர் பேர்பெற்றது. இன்னொரு பக்கம், அரியலூர் மாவட்டத்துக் கருப்பூரிலும் தஞ்சை மாவட்டத்துச் சிக்கல்நாயக்கன்பேட்டையிலும் மூங்கில் குச்சியால் துணியில் வரையும் கலம்காரி. கருப்பூர் கலம்காரிக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இவற்றில் எதையும் யாரும் கல்லிலோ மரத்திலோ பசை போட்டு ஒட்டுவதில்லை. கட்டுவார்கள், திருவிழா முடிந்ததும் அவிழ்த்து உதறி மடித்து வைப்பார்கள். அதனால்தான் அவை பல வருஷம் உழைக்கின்றன.

துணி கட்டும் வழக்கம் இங்கு மட்டும் இல்லை. யாழ்ப்பாணத்தில் கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் ‘வெள்ளை கட்டும்’ பழக்கம் இருந்தது. கூரையிலிருந்து தூசி விழாதபடி மேலே வெள்ளைத் துணி கட்டுவார்கள். கண்ணுக்கு அழகான ஏற்பாடுதான், ஆனால் சலவைத் தொழிலாளர் குடும்பங்கள்மேல் சாதிக் கடமையாகச் சுமத்தப்பட்ட வேலை அது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். நம் பகுதித் துணி கடல் தாண்டியும் போயிருக்கிறது. நாகப்பட்டினத்தில் டச்சுக்காரர்களும் தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்களும் வந்து உட்கார்ந்ததற்குத் துணி வியாபாரம் ஒரு முக்கியக் காரணம். சோழமண்டலக் கரையின் பூவேலைத் துணிகள் ஐரோப்பியச் சீமான்களின் வீடுகளில் கட்டிலைச் சுற்றியும் சுவரிலும் தொங்கின. உள்ளூர் நெசவு படுத்துவிடும் என்று பயந்து பிரான்ஸ் 1686இலும் இங்கிலாந்து அடுத்த பதினைந்து வருஷத்துக்குள்ளும் அவற்றுக்குத் தடை போட வேண்டி வந்தது. ஆகவே சுவரில் துணி தொங்குவதை ஏழ்மையின் அடையாளம் என்று யாராவது முகம் சுளித்தால் கண்டுகொள்ளாதீர்கள்.

இனி கணக்கு. பத்துக்குப் பத்து அறை, ஒன்பதடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். நூல் சேலை ஐந்தரை மீட்டர், அதாவது 18 அடி. இரண்டாக வெட்டினால் ஒன்பதடித் துண்டு இரண்டு கிடைக்கும். அகலம் ஏறக்குறைய 45 அங்குலம். மூன்று துண்டுகளைப் பக்கவாட்டில் இணைத்தால் 11 அடிக்கு மேல் வரும், பத்தடிச் சுவருக்குத் தையல் மடிப்பு போக இது போதும். ஆக, சுவருக்கு ஒன்றரைச் சேலை. கொசுவம் வைத்துத் திரைச்சீலை மாதிரி தைக்க ஆசைப்பட்டால் துணி இரண்டு மடங்காகும், மடிப்புக்குள் தூசியும் பல்லி முட்டையும் சேரும். தட்டையாகத் தொங்குவதே நல்லது. எட்டு முழ வேட்டி என்றால் குறுக்காகப் போடுங்கள். நீளம் சுமார் 12 அடி, அகலம் நாலடி, ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு வேட்டி ஒரு சுவரை எட்டடி உயரத்துக்கு மறைக்கும். கரை சுவரின் குறுக்கே கோடாக ஓடுவதால் தனி அலங்காரம் தேவைப்படாது.

புதுத் துணிதான் வேண்டும் என்றால் காடாத் துணி வாங்குங்கள். வெளுக்காத, சாயம் ஏறாத பருத்தி அது, மீட்டர் விலையில் அதைவிட மலிவு அபூர்வம். தைப்பதற்கு முன் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு அலசிக் காயவைக்க வேண்டும், இல்லையென்றால் முதல் சலவையிலேயே சுருங்கி, கீழே கணுக்கால் தெரியும் பாவாடை ஆகிவிடும். அழுக்கு வெள்ளை பிடிக்காதவர்கள் கடுக்காய்ப் பொடி கரைத்த தண்ணீரில் முக்கி எடுக்கலாம். வெளிர் மஞ்சள் நிறம் வரும், கறை தெரியாது. கலம்காரிக்காரர்களும் துணியைக் கடுக்காயில் ஊறவைத்துத்தான் வேலையைத் தொடங்குகிறார்கள். பாலியஸ்டர் சேலையில் பூஞ்சை குறைவாகத்தான் பிடிக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தீ பட்டால் உருகித் தோலில் ஒட்டும். குழந்தைகள் படுக்கும் அறைக்கு அது வேண்டவே வேண்டாம்.

துணி மாட்டுவதற்கு முன் சுவரைத் துடைப்பத்தால் பெருக்கி, இரண்டு கை சுண்ணாம்பு அடித்துவிடுங்கள். செங்கல் பொடி அடங்கும், மெல்லிய துணி வழியாகச் சிவப்பு தெரியாது. பிறகு, தளத்துக்கு ஓரடிக்குள், இரண்டு அங்குல அகலமும் ஓர் அங்குலக் கனமும் உள்ள ரீப்பர் கட்டையைச் சுவரின் நீளத்துக்கு அடிக்க வேண்டும். துளையைச் செங்கல்லில் போட்டுப் பிளக் வைத்துத் திருகாணி முடுக்குங்கள். கலவை மூட்டில் போட்டால் பொடிந்து கழன்று வரும். சாரம் கட்டியபோது விட்ட துளைகள் அடைக்காமல் இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். அவற்றில் மரக்கட்டையைச் செதுக்கி அறைந்துவிட்டால் ஆணியே போதும், டிரில் மெஷின் வாடகை மிச்சம். ரீப்பரில் கொக்கி மாட்டி, கொக்கியில் மூங்கில் கழியைப் படுக்கவையுங்கள். துணியின் மேல் விளிம்பைக் கழி நுழையும்படி மடித்துத் தைக்க வேண்டும். ரீப்பர், கொக்கி இரண்டின் கனமும் சேர்ந்து துணிக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு அங்குல இடைவெளி தரும். சுவரின் ஈரம் போவது அந்த வழியாகத்தான். கீழ் மடிப்பிலும் ஒரு மெல்லிய கழியைச் செருகினால் காற்றுக்குத் துணி படபடக்காது.

துணி தரையைத் தொடக்கூடாது. அரையடி தூக்கியே நிற்கட்டும். தரை கழுவும் தண்ணீர் ஏறும், கரையான் ஏறும் என்பதெல்லாம் ஒரு பக்கம். நெல் மூட்டை அடுக்கிய வீட்டில் எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். தரைவரை தொங்கும் துணிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று இருட்டில் கையை விட்டுப் பார்க்க முடியாது. இதே காரணத்துக்காக, மூட்டை அடுக்கியிருக்கும் சுவருக்குத் துணியே போடாதீர்கள்.

அடுப்புச் சுவர், சாமி விளக்கு மாடம் இரண்டையும் விட்டுவிடுங்கள். பூசாத வீட்டில் ஒயர் பெரும்பாலும் வெளியில்தான் ஓடும், சுவிட்ச் பெட்டியும் ஆடிக்கொண்டிருக்கும். அதைச் சுற்றி ஓரடிக்குத் துணி வராமல் வெட்டி மடித்துத் தைக்க வேண்டும். பருத்தித் துணியில் தீ வேகமாகப் பரவாமலிருக்க ஒரு பழைய முறை உண்டு. 200 கிராம் வெங்காரம், 85 கிராம் போரிக் பவுடர் இரண்டையும் இரண்டு லிட்டர் வெந்நீரில் கரைத்து, துணியை முக்கிப் பிழியாமல் காயப்போடுவது. இது தீயைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். ஒவ்வொரு சலவைக்குப் பிறகும் மறுபடி செய்ய வேண்டும், கரைசலைப் பிள்ளைகள் கைக்கு எட்டவிடக் கூடாது. தளத்துக்குக் கீழேயும் துணி கட்டும் மேற்கட்டி ஆசை வந்தால், மின்விசிறி சுழலும் அறையில் அதை மறந்துவிடுங்கள்.

அலங்காரத்துக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம் என்பது என் கட்சி. மூன்று சுவர் வெறும் வெள்ளையாகவோ கடுக்காய் மஞ்சளாகவோ இருக்கட்டும். வாசலுக்கு நேர்ச் சுவரில் மட்டும் கைவரிசையைக் காட்டுங்கள். தையல்கடையில் மிஞ்சும் வெட்டுத்துணிகளை வாங்கி வந்து தொம்பை வேலைப் பாணியில் வட்டம், இலை, அன்னம் என்று வெட்டித் தைக்கலாம். பட்டுச் சேலை கிழிந்து கிடந்தால் முந்தானையை மட்டும் வெட்டி நடுவில் பதிக்கலாம். இரும்புக் கொக்கி துருப்பிடித்துத் துணியில் கறை விடும் என்பதால் கொக்கிகளுக்கு முன்கூட்டியே பெயிண்ட் அடித்துவிடுங்கள்.

ஐப்பசி பிறந்ததும் வடக்கு, கிழக்குச் சுவர்களின் துணியைக் கழற்றி விடுங்கள். வடகிழக்குப் பருவமழையின் சாரல் அடிப்பது அந்தப் பக்கங்களில்தான். வெளிப்பூச்சும் இல்லாத சுவர் கார்த்திகை முடியும்வரை ஊறியே இருக்கும். கழற்றிய துணியைத் துவைத்து, வெயில் கிடைக்கிற அன்று முறுகக் காயவைத்து மடித்து வையுங்கள். தை பிறந்து பாலித்தீன் சோதனையை மறுபடி செய்து பார்த்துவிட்டு மாட்டலாம். கழியும் கொக்கியும் அங்கேயே இருப்பதால் ஒரு சுவருக்குக் கால் மணி நேர வேலைகூட இல்லை.