குப்பையும் குடிமக்கள் பொறுப்பும்

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடி மலைக்குச் செல்லும் வழியில் கல்லாறு உள்ளது. உருண்டைக் கற்களினூடே தெளிந்த நீர் ஓடும் இச்சிற்றாறு வாமனபுரம் ஆற்றைச் சேர்ந்தது. உல்லாசப் பயணமாக வருபவர் ஒருவர் இதன் கரையில் பிளாஸ்டிக் பையொன்றை எறிந்துவிட்டுச் சென்றால், அடுத்த மழையில் அது கீழேயுள்ள ஊர்களைச் சென்றடையும். எறிந்தவரைப் பொறுத்தவரை குப்பை ஒழிந்தது. கீழே வசிப்பவருக்கோ அது வந்து சேர்ந்தது. நகரக் குப்பைப் பிரச்னையின் சாரமும் இதுவே. திருவனந்தபுரம் நகரம் இவ்வுண்மையை அனுபவத்தில் கற்றது.

2000-ஆம் ஆண்டில், நகருக்கு வெளியேயுள்ள விளப்பில்சாலை கிராமத்தில், குப்பையை உரமாக்கும் ஆலையொன்று தொடங்கப்பட்டது. நகரத்துக் குப்பை லாரிகளில் அங்கே சென்றது. மக்கும் பொருளும் மக்காத பொருளும் கலந்து வந்தமையால் உரமாகாத கழிவு குவிந்தது. துர்நாற்றமும் கசிவுநீரும் கிராமத்தாரை வருத்தின. அவர்களது எதிர்ப்பின் விளைவாக 2011 டிசம்பரில் ஆலை மூடப்பட்டது. மீண்டும் திறப்பதற்கு 2012-இல் செய்யப்பட்ட முயற்சிகளும் பலிக்கவில்லை. குப்பையை அனுப்ப வேற்றிடம் இல்லாத நிலையில், அது உண்டாகும் இடத்திலேயே அதனைப் பக்குவப்படுத்தும் முறையை நகரம் நாடிற்று.

இம்முறைகளுள் ஒன்று, திருச்சூர் மாவட்டத்துத் தும்பூர்முழியில் கால்நடை விஞ்ஞானிகள் உருவாக்கியது. நான்கடி நீளம், அகலம், உயரமுள்ள பெட்டியின் பக்கங்களில் காற்றுப் புகுவதற்கு இடைவெளிகள் விடப்படுகின்றன. அதனுள் பசுஞ்சாணம், உலர்ந்த இலை, சமையற் கழிவு ஆகியவை அடுக்கடுக்காக இடப்படுகின்றன. சாணம் நுண்ணுயிர்களை அளிக்கிறது. சருகு அவற்றுக்கு வேண்டிய கரிச்சத்தைத் தருவதுடன் காற்றோட்டத்திற்கும் வழி செய்கிறது. பிராணவாயுவைக் கொண்டு இந்நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்கும்போது உள்ளே உஷ்ணம் சுமார் 70 டிகிரி சென்டிகிரேட் வரை உயர்கிறது. நோய்க் கிருமிகளும் ஈயின் புழுக்களும் அதில் மடிகின்றன. ஏறத்தாழ மூன்று மாதங்களில் உரம் கிடைக்கிறது. காற்றில்லாமல் அழுகும் குப்பையே துர்நாற்றம் வீசும் என்பதை நினைவிற்கொள்க.

மக்காத பொருள்களை ஹரித கர்ம சேனையைச் சேர்ந்த பெண்கள் வீடுதோறும் சென்று பெறுகின்றனர். எனினும் சாதனங்களால் மட்டும் காரியம் முற்றுப்பெறாது. 2024 ஜூலையில், ரெயில் நிலையத்தின் அடியே செல்லும் ஆமையிழஞ்சான் கால்வாயில் அடைந்திருந்த குப்பையை அகற்ற இறங்கிய தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். அக்கால்வாயில் பையை எறிந்தவர் எவரும் ஒரு மனிதரின் உயிருக்குத் தீங்கு நினைத்தவரல்லர். தம் வீட்டு வாசலோடு தமது பொறுப்பு தீர்ந்ததென்று எண்ணியவர்களே அவர்கள்.

இவ்வெண்ணத்தை மாற்றுவது ஆசிரியர்களாலும் களப்பணியாளர்களாலும் இயலக்கூடிய காரியம். பள்ளியில் இரு மண்சட்டிகளை எடுத்துக்கொண்டு, ஒன்றில் துளைகளிட்டுக் காய்கறித் தோலைச் சருகும் சாணமும் கலந்து இடலாம். மற்றொன்றில் தோலை மட்டும் இட்டு இறுக மூடி வைக்கலாம். சில நாட்களுக்குப் பின் இரண்டையும் திறந்தால், மாணவரின் மூக்கே வேற்றுமையை அறிவிக்கும். களப்பணியாளர் ஒரு தெருவைத் தேர்ந்து, ஈரக்குப்பை, உலர்குப்பை, அபாயகரமான குப்பை என மூன்றாகப் பிரிக்கும் பழக்கத்தை வீட்டுக்கு வீடு விளக்கிக் காட்டலாம். நாம் வேண்டாமென்று விலக்கும் பொருள் பிறருடைய வாசலைச் சென்றடையாதிருக்கச் செய்வதே நகர சுகாதாரத்தின் முதற்படியாகும்.