உலக சாம்பியனைக் கவிழ்த்த கெடிகாரம்!

ஆட்டம் கையில் இருந்தது. காய்கள் நின்ற நிலை முழுக்க அவருக்கே சாதகம். இன்னும் சில நகர்த்தல்கள் போதும், வெற்றி நிச்சயம். ஆனால், தோற்றுப் போனார் உலக சாம்பியன்!

அவரைத் தோற்கடித்தது எதிரே இருந்த மனிதர் அல்ல. மேஜை மேல் இருந்த கெடிகாரம்!

இது நடந்தது 2015-ம் ஆண்டு ஜூன் மாதம் 16-ந் தேதி. இடம், நார்வே நாட்டில் உள்ள ஸ்டாவஞ்சர் நகரம். தோற்றவர் மாக்னஸ் கார்ல்சன். நார்வே அவருடைய சொந்த நாடு. அப்போது அவருக்கு வயது 24. சென்னையில் 2013-ல் நம் விசுவநாதன் ஆனந்தை வென்று உலகப் பட்டத்தைக் கைப்பற்றியவர் இவர்தான்.

மூன்று நாடு, ஒரு பட்டம்

சதுரங்கப் பந்தயங்கள் எத்தனையோ உண்டு. ஒவ்வொன்றும் தனித்தனி. வென்றவர் பரிசை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போவார். அதோடு சரி.

2015-ல் ஒரு புது ஏற்பாடு செய்தார்கள். நார்வே, அமெரிக்கா, இங்கிலாந்து ஆகிய மூன்று நாடுகளின் பெரிய பந்தயங்களை ஒரே மாலையாகக் கோர்த்தார்கள். அதற்கு 'கிராண்ட் செஸ் டூர்' என்று பெயர் வைத்தார்கள்.

ஒன்பது பெரிய வீரர்கள் மூன்று இடத்திலும் ஆடவேண்டும். பத்தாவது வீரர் மட்டும் இடத்துக்கு இடம் மாறுவார். யாருக்கு எந்த இடம் கிடைக்கிறதோ, அதற்குத் தக்கபடி புள்ளி. மூன்றையும் கூட்டிப் பார்த்து, முந்தி நிற்பவருக்கு ஆண்டுப் பட்டம். ஒவ்வொரு பந்தயத்துக்கும் பரிசுத் தொகை 3 லட்சம் டாலர். ஆண்டுப் பட்டம் பெறுகிறவருக்கு மேலும் 75 ஆயிரம் டாலர்!

ஆகவே, ஓர் ஊரில் சறுக்கினாலும் அடுத்த ஊரில் எழுந்துகொள்ளலாம். கார்ல்சனோ முதல் நாளே சறுக்கினார்.

வராத 15 நிமிடம்

செஸ் கெடிகாரம் என்பது இரட்டைக் கெடிகாரம். காயை நகர்த்தியதும் பொத்தானை அழுத்த வேண்டும். உடனே அவருடைய நேரம் நின்றுவிடும். எதிராளியின் நேரம் ஓடத் தொடங்கும். கொடுத்த நேரம் தீர்ந்துவிட்டால், பலகையில் எவ்வளவு பலம் இருந்தாலும் பயனில்லை.

ஸ்டாவஞ்சரில் போட்ட கணக்கு இதுதான்: முதல் 40 நகர்த்தல்களுக்கு 2 மணி நேரம். அடுத்த 20-க்கு 1 மணி நேரம். அதற்குப் பிறகு நகர்த்தலுக்கு 30 விநாடி மட்டும் சேரும். வேறு நேரம் கிடையாது.

60 நகர்த்தல் முடிந்ததும் 15 நிமிடம் கூடுதலாகக் கொடுப்பது பல பந்தயங்களில் பழக்கம். இங்கே அது இல்லை. ஆட்டம் தொடங்குமுன் நடுவர் இதை விளக்கினார். அந்த நேரத்தில் கார்ல்சன் நாற்காலியில் இல்லை! தாமதமாக வந்தார். விளக்கத்தைக் கேட்கவே இல்லை.

மணி அடித்த பிறகு பள்ளிக்கூடம் வரும் பையனுக்குப் பாடத்தின் முதல் வரி போய்விடும் அல்லவா? உலக சாம்பியனுக்கும் அதே கதிதான்!

எதிரே இருந்தவர் பல்கேரியா நாட்டின் டோபலோவ். லேசான ஆள் அல்ல. 2005-ல் உலகப் பட்டம் பெற்றவர். ஆனாலும் அன்று திணறினார். கார்ல்சன் 60-வது நகர்த்தலை முடித்தார். "இனி 15 நிமிடம் இருக்கிறது" என்று எண்ணி, நிதானமாக யோசித்தார். கெடிகாரம் ஓடி முடிந்தது. ஆட்டமும் முடிந்தது!

குற்றம் கார்ல்சனுடையதுதான். நடுவரைக் குறை சொல்ல வழியில்லை.

நண்பர் கொடுத்த அடி

அடி வாங்கிய மனம் லேசில் ஆறவில்லை. அடுத்த சுற்றில் அமெரிக்காவின் கருவானாவிடம் தோற்றார். நான்காவது சுற்றில் ஆனந்த் அவரைத் தோற்கடித்தார். கடைசிச் சுற்றில் எதிரே வந்தவர் ஹாமர். அவரும் நார்வேக்காரர், நண்பர். உலகப் பட்டப் போட்டிக்குக் கார்ல்சன் தயாரானபோது துணை நின்றவர். அந்தப் பந்தயத்தில் ஹாமருக்குக் கிடைத்தது கடைசி இடம். அவரிடமும் தோற்றார் கார்ல்சன்!

சொந்த மண்ணில் உலக சாம்பியனுக்கு 7-வது இடம். டோபலோவுக்கு முதல் இடம். 45 வயது ஆனந்துக்கு இரண்டாம் இடம்.

லண்டனில் திரும்பியது காற்று

அடுத்த பந்தயம் அமெரிக்காவில், செயின்ட் லூயிஸ் நகரில். முதல் சுற்றிலேயே மீண்டும் டோபலோவ், மீண்டும் தோல்வி! இந்தத் தடவை கெடிகாரத்தைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் கார்ல்சன் சமாளித்துக்கொண்டார். ஆர்மீனியாவின் அரோனியன் முதல் இடம் பெற்றார். கார்ல்சனுக்கு இரண்டாம் இடம்.

டிசம்பரில் லண்டன். முதல் ஏழு ஆட்டங்களும் சமநிலை! பார்த்தவர்களுக்குச் சலிப்புத் தட்டியிருக்கும். எட்டாவது சுற்றில் நாகமுராவை வென்றார். கடைசிச் சுற்றில் ரஷியாவின் கிரிஷூக்கை வென்றார். இப்போது கார்ல்சன், நெதர்லாந்தின் கிரி, பிரான்சின் வாசியே-லக்ராவ் ஆகிய மூவரும் சம புள்ளி.

முடிவு காண, வேக ஆட்டம் வைத்தார்கள். முதலில் கிரியும் வாசியே-லக்ராவும் மோதினார்கள். வாசியே-லக்ராவ் போராடி வென்றார். களைத்துப் போனவரைக் கார்ல்சன் எதிர்கொண்டு வீழ்த்தினார். லண்டன் பந்தயமும் அவருக்கே. ஆண்டுப் பட்டமும் அவருக்கே. 75 ஆயிரம் டாலரும் அவருக்கே!

ஜூனில் முதல் இடத்தில் நின்ற டோபலோவ், லண்டனில் பத்தாவது இடத்தில், அதாவது கடைசியில் இருந்தார்.

பிரக்ஞானந்தாவின் வெற்றி

அடுத்த ஆண்டே நார்வே இந்தத் தொடரிலிருந்து விலகிக்கொண்டது. வேறு நகரங்கள் சேர்ந்தன. வேக ஆட்டங்களும் சேர்ந்தன.

2025-ம் ஆண்டு மே மாதம், இத்தொடரின் ஒரு பந்தயம் ருமேனியா நாட்டின் புக்காரெஸ்ட் நகரில் நடந்தது. அதிலும் மூவர் சம புள்ளி. அந்த மூவரில் ஒருவர் பத்தாண்டுக்கு முன் லண்டனில் தோற்ற அதே வாசியே-லக்ராவ். மற்றொருவர் பிரான்சின் பிரோஜா. மூன்றாமவர் சென்னைப் பையன் பிரக்ஞானந்தா, வயது 19. கூடுதல் ஆட்டத்தில் வென்று கோப்பையை வாங்கியவர் பிரக்ஞானந்தாதான்.

ஆனால் அந்த ஆண்டின் மொத்தப் பட்டம், கடைசியில் கருவானாவிடம் போயிற்று.